செத்த மீனின் வயிற்றில் இருந்த விடை: கோஹோ சால்மன் குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

கத்தி முனையைக் கழிவுத் துளையில் வைத்துச் செவுள் வரை ஒரே இழுப்பு. விடை தெரிந்துவிடும். முட்டையிட்டு முடித்த பெண் மீன் என்றால் உள்ளே தொளதொளத்த தோலும், ஒட்டிக்கொண்டிருக்கும் இருபது முப்பது முட்டையும்தான். இடாமலே செத்தது என்றால் ஆரஞ்சு நிறச் சினை மொத்தமாகக் கையில் சரியும். ஒரு கோஹோ சால்மனிடம் சுமார் 2,500 முட்டை இருக்கும். இரண்டு உள்ளங்கையைக் குவித்தாலும் கொள்ளாது.

சால்மன் ஆய்வாளர் என்றதும், அருவியில் துள்ளும் மீனைப் பார்த்துக்கொண்டு நிற்பவர் என்று பலரும் நினைக்கிறார்கள். துள்ளுவதை நானும் பார்த்திருக்கிறேன், விரல்விட்டு எண்ணும் அளவுக்கு. மீதி நாளெல்லாம் மார்பு வரை ஏறும் ரப்பர் உடையில், மழையில், வழுக்கும் கல்லில் கால் வைத்து, நனையாத தாளில் பென்சிலால் எழுதும் வேலைதான். எழுதுவதில் பெரும்பகுதி செத்த மீன்களைப் பற்றியது.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், பியூஜெட் சவுண்ட் கடற்கழியில் வந்து சேரும் சிற்றோடைகளில் சில இலையுதிர் பருவங்கள் கணக்கெடுப்புக் குழுவோடு நடந்திருக்கிறேன். நகர ஓடைகளில் கோஹோக்கள் முட்டையிடாமலே சாவது ஏன் என்று கீழே சொல்லப்போகும் பெரிய கண்டுபிடிப்பில் எனக்குப் பங்கில்லை. ஆனால் அது எங்கிருந்து தொடங்கியதோ அந்த வேலையை, அதாவது ஓடையில் நடந்து செத்த மீனின் வயிற்றை அறுத்துப் பார்ப்பதை, நானும் செய்திருக்கிறேன். வேதியியலாளர்கள் கண்டுபிடித்த கதையாகவே இது பெரும்பாலும் சொல்லப்படுகிறது. ஓடையில் நடந்தவர்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் கதை கொஞ்சம் வேறு மாதிரி தெரியும்.

சாவே இயல்பான இடம்

பசிபிக் சால்மன்கள் ஒரே ஒரு முறை இனப்பெருக்கம் செய்துவிட்டுச் செத்துப்போகின்றன. கோஹோவின் கணக்கு பெரும்பாலும் மூன்று ஆண்டு. இலையுதிர் காலத்தின் கடைசியில் சரளைக் கல்லுக்குள் புதைத்த முட்டை, வசந்தத்தில் குஞ்சாகிறது. அந்தக் குஞ்சு ஓராண்டுக்கு மேல் அதே ஓடையில் வளர்ந்து, அடுத்த வசந்தத்தில் கடலுக்குப் போகிறது. ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு கடலில் தின்று கொழுத்து, பிறந்த ஓடையின் வாசனையைப் பிடித்துத் திரும்பி வருகிறது. பெண் மீன் வாலால் சரளையைத் தோண்டிக் குழி பறிக்கிறது, முட்டையிடுகிறது, மூடுகிறது, சில நாள் காவல் நிற்கிறது, பிறகு சாகிறது. ஆக, நவம்பர் மாதத்தில் ஒரு சால்மன் ஓடையில் செத்த மீன் கிடப்பது நல்ல செய்தி. பிணங்களை எண்ணித்தான் எத்தனை வந்தன என்று கூட்டுகிறோம்.

இந்த நிகழ்வில் இருந்த பொறியும் அதுதான். சாவு இயல்பாக நடக்கும் இடத்தில் அகாலச் சாவு கண்ணில் படாது.

1990களில் சியாட்டில் நகரத்துக்குள் ஓடும் சில ஓடைகளைச் சீரமைத்தார்கள். கரையில் மரம் நட்டார்கள், ஓடைக்குள் பெரிய மரத்துண்டுகளைப் போட்டுக் குட்டை உருவாக்கினார்கள், சாலைக்கு அடியில் ஓடை நுழைந்து போகும், மீன் ஏற முடியாத குழாய்ப் பாலங்களை மாற்றினார்கள். 1999இல் பியூஜெட் சவுண்டின் இன்னொரு சால்மன் வகையான சினூக் அழியும் அபாயத்தில் உள்ள உயிரினங்களின் பட்டியலில் சேர்ந்ததும் இந்த வேலைகளுக்கு வேகம் வந்தது. கோஹோக்களும் வரத்தான் செய்தன. 'மீன் திரும்பிவிட்டது' என்று சொல்லிக் கோப்பை மூடியிருக்கலாம். ஆனால் சீரமைப்பு பலன் தந்ததா என்று பார்க்கப் போனவர்கள் வேறொன்றைப் பார்த்தார்கள்.

நல்ல உடம்போடு, வெள்ளி மினுக்கம்கூட முழுதாகப் போகாத மீன்கள் நீர்மட்டத்தில் வட்டமடித்தன. வாயைப் பிளந்து பிளந்து மூடின. மார்புத் துடுப்புகள் விறைத்து விரிந்து நின்றன. திசை தெரியாமல் கரையில் மோதின, பக்கவாட்டில் சாய்ந்தன, சில மணி நேரத்தில் செத்தன. பெண் மீன்களின் வயிற்றை அறுத்தால் பெரும்பாலானவற்றில் 90 சதவீதத்துக்கு மேல் முட்டை அப்படியே இருந்தது.

தினமும் நடந்தவர்கள்

2002 இலையுதிர் காலத்திலிருந்து முறையான கணக்கெடுப்பு தொடங்கியது. மேற்கு சியாட்டிலில் ஓடி டுவாமிஷ் ஆற்றில் கலக்கும் லாங்ஃபெலோ ஓடையை மாதிரியாக எடுத்துக்கொண்டார்கள். அமெரிக்கக் கடல், வளிமண்டல நிர்வாக அமைப்பான நோவாவின் நேதனியல் ஷோல்ஸ் தலைமையிலான குழு இதில் முன்னின்றது. 2002 முதல் 2009 வரை ஒவ்வொரு பருவத்திலும் லாங்ஃபெலோவுக்கு வந்த கோஹோக்களில் 60 முதல் 100 சதவீதம் வரை முட்டையிடாமலே செத்தன. ஒப்பிட்டுப் பார்க்க, நகரத்துக்கு வெளியே காட்டுப் பகுதியில் உள்ள ஃபோர்ட்சன் ஓடையை 2002இல் எண்ணினார்கள். அங்கே அந்த எண் ஒரு சதவீதத்துக்கும் கீழே.

இதில் வெளியே அதிகம் பேசப்படாத ஒரு சொல் உண்டு: தினமும். வழக்கமான முட்டையிடும் மீன் கணக்கெடுப்பில் ஒரே நீட்டத்தை வாரத்துக்கொரு முறை, தப்பினால் பத்து நாளுக்கொரு முறை நடப்போம். உயிருள்ள மீன், செத்த மீன், குழி மூன்றையும் எண்ணி, ஒரு குழி எத்தனை நாள் கண்ணுக்குத் தெரியும், ஒரு மீன் எத்தனை நாள் உயிரோடு நிற்கும் என்ற கணக்கை வைத்து மொத்தத்தை மதிப்பிடுவோம். மொத்த எண்ணிக்கைக்கு அது போதும். ஆனால் ஒரு மீன் ஓடையில் நுழைந்து ஒரே நாளில் செத்து, அன்றிரவே ரக்கூன் இழுத்துக்கொண்டு போய்விட்டால், அல்லது அடுத்த வெள்ளம் கீழே அடித்துக்கொண்டு போய்விட்டால், வாரக் கணக்கெடுப்புக்கு அப்படி ஒரு மீன் வந்ததே தெரியாது. வட்டமடிக்கும் மீனை நேரில் பார்க்க வேண்டுமென்றால் அந்தச் சில மணி நேரத்தில் நீங்கள் அங்கே இருந்தாக வேண்டும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்பார்களே, அதை மழையில் நின்று செய்ய வேண்டும்.

என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் சேர்ந்த முதல் பருவம். நகர விளிம்பில் ஒரு சிற்றோடை. மரத்துண்டின் அடியில் ஒரு பெண் கோஹோ செத்துக் கிடந்தது. வழக்கமான வரிசையில் வேலையைத் தொடங்கினேன். மூக்கிலிருந்து வாலின் பிளவு வரை அளந்தேன். முதுகின் பின்பக்கம் இருக்கும் சின்னக் கொழுப்புத் துடுப்பைப் பார்த்தேன், அது வெட்டப்பட்டிருந்தால் பொரிப்பகத்தில் வளர்த்து விட்ட மீன். பிறகு வாலைப் பார்த்தேன். ஓரம் தேய்ந்து வெளுத்திருந்தது. குழி தோண்டிய பெண் மீனின் வால் அப்படித்தான் ஆகும். 'முட்டையிட்டது' என்று எழுதிவிட்டு, இன்னொரு முறை எண்ணிவிடாமல் இருக்க வாலை வெட்டப் போனேன். கூட வந்த மூத்த பெண்மணி, இருபது ஆண்டுகளுக்கு மேல் இதே வேலையில் இருப்பவர், கத்தியை என் கையில் திணித்தார்.

"அறுத்தாயா?"

"வால் தேய்ந்திருக்கிறதே."

"வால் என்ன சொல்கிறது என்று கேட்கவில்லை. வயிறு என்ன சொல்கிறது?"

அறுத்தேன். முட்டை முழுக்க உள்ளேயே இருந்தது, தனித்தனியாக உதிர்ந்து, இடுவதற்குத் தயாராக. தோண்டத் தொடங்கியிருக்கிறது, முடிக்க உயிர் இருக்கவில்லை. அழித்துவிட்டுத் திருத்தி எழுதினேன். அந்த ஓடையில் அந்தப் பருவம் எங்களுக்குக் கிடைத்த பெண் மீன்களே மிகக் குறைவு. அவற்றில் ஒன்றைத் தவறான கட்டத்தில் போட்டால் சதவீதம் எங்கேயோ போய்விடும். சின்ன ஓடைகளின் எண்களைப் படிக்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

ஒவ்வொன்றாகக் கழித்தது

சரி, எது கொல்கிறது? முதலில் வழக்கமான சந்தேகங்கள். நீரில் கரைந்த ஆக்சிஜன் போதுமான அளவு இருந்தது. வெப்பநிலை சரியாக இருந்தது. மீன்களைத் திறந்து நோய்க்கிருமி தேடினார்கள், இந்த அளவு சாவுக்குக் காரணமாக எதுவும் தட்டுப்படவில்லை. பூச்சிக்கொல்லிகளைச் சோதித்தார்கள். உலோகங்களையும், எரிபொருளிலிருந்து வரும் ஹைட்ரோகார்பன்களையும் பார்த்தார்கள். எதுவும் பொருந்தவில்லை.

உலோகங்களில் செம்பு மீது சந்தேகம் இருந்ததில் நியாயம் உண்டு. பிரேக் கட்டைகள் தேயும்போது செம்புத் தூள் சாலையில் விழுகிறது. மிகச் சிறிய அளவு செம்பும் இளம் கோஹோவின் மோப்ப சக்தியை மழுக்கும் என்பது அதற்குள் ஆய்வில் தெரிந்திருந்தது. பிறந்த ஓடையையே மோந்து கண்டுபிடிக்கும் மீனுக்கு அது பெரிய இழப்பு. வாஷிங்டன் மாநிலம் 2010இல் பிரேக் கட்டைகளில் செம்பைப் படிப்படியாகக் குறைக்கச் சட்டமே போட்டது. நல்ல சட்டம்தான், ஆனால் இந்தக் கொலையைச் செய்தது செம்பு இல்லை. காருக்குப் பக்கத்தில் தேடியது சரி, காரின் எந்தப் பாகம் என்பதில்தான் தடுமாற்றம்.

காரின் பக்கம் ஏன் தேடினார்கள் என்பதற்கு வரைபடம் காரணம். எந்தெந்த ஓடைகளில் சாவு அதிகம் என்பதை நிலப் பயன்பாட்டோடு வைத்துப் பார்த்தபோது, சாலைகளும் தளம் போட்ட பரப்பும் கடைத்தெருக்களும் அதிகமுள்ள வடிநிலங்களில்தான் அதிகம் என்று தெரிந்தது. இந்த வரைபடம் முழுக்க வயிறு அறுத்து எழுதிய எண்களின் மேல் நிற்கிறது. 'இத்தனை மீன் வந்தது' என்று மட்டும் எழுதியிருந்தால் நகர ஓடைக்கும் காட்டோடைக்கும் வித்தியாசமே தெரிந்திருக்காது.

இன்னொரு துப்பு மழை. கோஹோக்கள் ஓடை வாயில் காத்திருக்கும். கோடையில் வற்றிப்போன சிற்றோடையில் ஏற அவற்றுக்கு நீர் வேண்டும். இலையுதிர் காலத்தின் முதல் நல்ல மழையில் நீர் உயர்ந்ததும் ஏறத் தொடங்குகின்றன. அதே மழைதான் கோடை முழுக்கச் சாலையில் படிந்த அழுக்கை ஒரே அடியில் கழுவி, வடிகால் குழாய் வழியாக ஓடைக்குள் கொட்டுகிறது. மீனை வா என்று அழைக்கும் நீரும் அதைக் கொல்லும் நீரும் ஒன்றாகவே வருகின்றன. இந்தப் பகுதியை எத்தனை முறை விளக்கினாலும் எனக்கு ஒரு கணம் பேச்சு நின்றுபோகும்.

மூன்றாவது துப்பு, பக்கத்தில் நீந்திய சம் சால்மன். ஓடையில் கோஹோ சுருண்டு விழும்போது சம் மீன்கள் தன்பாட்டுக்குக் குழி தோண்டிக்கொண்டிருந்தன. பிறகு ஒரே சாலைநீரில் இரண்டையும் விட்டுச் சோதித்துப் பார்த்தபோதும் அப்படித்தான்: கோஹோ செத்தது, சம் ஒன்றும் ஆகாமல் இருந்தது. நெருங்கிய உறவுள்ள இரண்டு மீன், ஒரே நீர். அப்படியானால் இது பொத்தாம்பொதுவான 'மாசு' இல்லை. ஏதோ ஒரு குறிப்பிட்ட பொருள், கோஹோவின் உடம்பில் மட்டும் ஏதோ ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்கிறது.

குரோவர்ஸ் ஓடையில் நடந்த சோதனை

ஓடையில் பார்ப்பது சாட்சியம் மட்டும்தான். நிரூபிக்க வேண்டுமென்றால் மீனையும் நீரையும் கையில் எடுத்தாக வேண்டும். சுகுவாமிஷ் பழங்குடி மக்கள் நடத்தும் குரோவர்ஸ் ஓடைப் பொரிப்பகத்தில் அந்தச் சோதனை நடந்தது. 2016இல் வெளியான முடிவுகளை எத்தனை முறை படித்தாலும் எனக்குச் சலிப்பதில்லை, அவ்வளவு சுத்தமான வடிவமைப்பு.

முதலில், சாலைநீரில் வழக்கமாக இருக்கும் உலோகங்களையும் ஹைட்ரோகார்பன்களையும் ஆய்வகத்தில் கலந்து செயற்கையாக ஒரு நீரைத் தயாரித்தார்கள். வளர்ந்த கோஹோக்களை அதில் விட்டார்கள். ஒன்றும் ஆகவில்லை. அடுத்து, சியாட்டிலில் போக்குவரத்து மிகுந்த சாலையிலிருந்து பிடித்த நிஜ மழைநீரில் விட்டார்கள். எல்லாம் வட்டமடித்துச் செத்தன. மூன்றாவதாக, அதே சாலைநீரை மணலும் மக்கிய உரமும் கலந்த மண்படுகை வழியாக வடித்துவிட்டு அதில் விட்டார்கள். எல்லாம் பிழைத்தன.

ஒரே சோதனையில் மூன்று செய்தி. நமக்குத் தெரிந்த நச்சுகள் கொலையாளி இல்லை. கொலையாளி சாலைநீரில்தான் இருக்கிறது. அது யாரென்று தெரியாமலேயே அதைத் தடுக்க முடியும். கடைசிச் செய்தி நகராட்சிப் பொறியாளர்களுக்கு உடனே புரிந்தது. எங்களைப் போன்றவர்களுக்கு அதிலிருந்து ஒரு புதிய வேலையும் வந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

வளர்ந்த மீன் மட்டுமல்ல, கடலுக்கே இன்னும் போகாத இளம் கோஹோவும் இதே அறிகுறிகளோடு சாகிறது என்பது அப்புறம் தெரிந்தது. அறிகுறி தொடங்கிவிட்ட மீனை எடுத்துச் சுத்தமான நீரில் விட்டாலும் தேறவில்லை. கள ஆள் மனதில் இது கல்லாக விழும் செய்தி. வட்டமடிக்கும் மீனைத் தூக்கி மேலே நல்ல நீருக்குக் கொண்டுபோனால் பிழைக்குமோ என்று ஓடையில் நின்ற ஒவ்வொருவரும் ஒரு முறையாவது நினைத்திருப்போம்.

டயர்

வேதியியல் பகுதியைக் கொஞ்சம் வேகமாகவே கடக்கிறேன், இதைப் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள். கோஹோ செத்த நீர்களில் பொதுவாக இருந்த வேதி ரேகையைத் தேடியபோது, அது டயரை ஊறவைத்த நீரின் ரேகையோடு ஒத்துப்போனது. டயரைச் சீவி, தூளை நீரில் ஊறவைத்து, அந்த நீரில் இளம் கோஹோவை விட்டபோது செத்தது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் டகோமா வளாகத்தில் எட்வர்ட் கொலோட்சேயும் ஷென்யூ தியானும், வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜெனிஃபர் மெக்கின்டயரும் மற்றவர்களும் அந்த நீரைப் படிப்படியாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு பிரிவிலும் மீனை விட்டுப் பார்ப்பது, கொல்லும் பிரிவை மட்டும் எடுத்து மறுபடி பிரிப்பது. ஆயிரக்கணக்கான பொருள்கள் நூறுகளாகி, கடைசியில் ஒன்று மிஞ்சியது: 18 கார்பன், 22 ஹைட்ரஜன், 2 நைட்ரஜன், 2 ஆக்சிஜன்.

டயரில் சேர்க்கும் பொருள்களின் பட்டியலில் அப்படி ஒன்று கிடையாது. ஆனால் 6பிபிடி என்ற ஒன்று இருந்தது: 18 கார்பன், 24 ஹைட்ரஜன், 2 நைட்ரஜன். இரண்டு ஹைட்ரஜன் போய் இரண்டு ஆக்சிஜன் வந்தால் கணக்கு நேராகிறது. 6பிபிடியின் வேலையே காற்றிலுள்ள ஓசோனோடு தான் வினைபுரிந்து, ரப்பரில் விரிசல் விழாமல் காப்பதுதான். தன் வேலையை ஒழுங்காகச் செய்து முடித்த 6பிபிடிதான் அந்த நஞ்சாக மாறுகிறது. ஆய்வகத்தில் 6பிபிடியையும் ஓசோனையும் சேர்த்துப் பார்த்தார்கள், அதே பொருள் கிடைத்தது. பெயர் 6பிபிடி-குயினோன். சேமித்து வைத்திருந்த நீர் மாதிரிகளிலும் தேடினார்கள், சாலைநீரிலும் மழைநாள் ஓடைநீரிலும் இருந்தது. 2020 டிசம்பரில் முடிவு வெளியானது. முறையான கணக்கெடுப்பு தொடங்கி 18 ஆண்டு ஆகியிருந்தது.

எவ்வளவு இருந்தால் பாதி கோஹோக்கள் சாகும்? முதல் மதிப்பீடு லிட்டருக்கு 0.8 மைக்ரோகிராம். தூய்மையான ஒப்பீட்டுப் பொருள் கிடைத்த பிறகு 2022இல் திருத்தினார்கள்: லிட்டருக்கு 95 நானோகிராம். 25 லட்சம் லிட்டர் கொள்ளும் ஒலிம்பிக் நீச்சல் குளத்தில் கால் கிராம் கரைத்தால் அந்த அளவு வந்துவிடும், விரல் நுனியில் எடுக்கும் ஒரு சிட்டிகை. திருத்தத்தை வெளிப்படையாகச் செய்ததை நான் மதிக்கிறேன். எண் மாறியதைச் சொல்லி, கண்டுபிடிப்பே பொய் என்று வாதாடியவர்களும் இருந்தார்கள். மாறிய திசையைப் பாருங்கள்: முதலில் நினைத்ததைவிட நஞ்சு கடுமையானது என்றல்லவா தெரிந்தது.

எல்லா மீனும் இதற்கு ஒன்றாகப் பலியாவதில்லை. வானவில் டிரவுட்டும் புரூக் டிரவுட்டும் சாக, கோஹோவைக் கொல்வதைவிட அதிக நஞ்சு வேண்டும். சம், வெள்ளை ஸ்டர்ஜன் போன்றவை தாங்குகின்றன. கோஹோவில் ரத்தக் குழாய்ச் சுவர்கள் கசிய ஆரம்பிப்பதும், மூளைக்குள் ரத்தநீர் ஊடுருவுவதும் ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. வட்டமடிப்பதையும் சாய்வதையும் ஓடையில் பார்த்தவர்களுக்கு இது வியப்பாக இருக்காது.

கண்காணிப்பவரின் வேலை மாறியது

காரணம் தெரிந்ததும் கோப்பு மூடப்படும் என்றுதான் நினைத்தேன். நடந்தது நேர்மாறு.

சட்டப் பக்கம் மெதுவாக நகர்கிறது. 1974இல் நீதிபதி போல்ட் தந்த தீர்ப்பு, அமெரிக்க அரசோடு ஒப்பந்தம் செய்துகொண்ட பழங்குடிகளுக்குப் பிடிக்கக்கூடிய சால்மனில் பாதிக்கு உரிமை உண்டு என்று சொன்னது. அதன் வழியாக அவர்கள் மீன்வளத்தை மாநிலத்தோடு சேர்ந்து நிர்வகிப்பவர்கள் ஆனார்கள். இந்த நஞ்சு விஷயத்திலும் பழங்குடிகள் கதவைத் தட்டினார்கள். யூரோக், போர்ட் கேம்பிள் எஸ்கிளாலம், புயாலப் ஆகிய மூன்று பழங்குடிகள் 2023இல் கூட்டாட்சிச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையிடம் டயர்களில் 6பிபிடியைத் தடைசெய்யக் கோரி மனு கொடுத்தன. நவம்பரில் முகமை மனுவை ஏற்றது. ஏற்றது என்றால் விதி செய்யும் வேலையைத் தொடங்குகிறது என்று பொருள், தடை வந்துவிட்டது என்று அல்ல. கலிபோர்னியா அதே ஆண்டு அக்டோபர் முதல், டயர் தயாரிப்பவர்கள் மாற்றுப் பொருளை ஆராய்ந்தாக வேண்டும் என்றது. டயர் நடுச்சாலையில் வெடிக்கக் கூடாது, மாற்றுப்பொருள் இன்னொரு குயினோனாக வந்து நிற்கவும் கூடாது. இரண்டையும் ஒன்றாகச் சாதிப்பது எளிதல்ல. அவசரப்படுத்துவோர் மீது எனக்கு அனுதாபம் உண்டு. ஆனால் பெயர் மட்டும் மாறிய அதே நஞ்சு வந்தால் இன்னொரு 18 ஆண்டு நடக்க எனக்குத் தெம்பில்லை.

அதுவரை கையில் இருப்பது மண்படுகை. சாலையோரத்தில் வடிகால் நீரை மண்ணுக்குள் இறக்கி வடிக்கும் குழிகள். எங்களிடம் கேட்கப்படும் கேள்வி: இந்த ஓடையில் இத்தனை படுகை வைத்தோம், மீன் பிழைக்கிறதா? எளிய கேள்வி போலத்தான் இருக்கும். ஆனால் ஒரு பருவத்தில் அந்த ஓடைக்குப் பெண் மீன் ஆறோ ஏழோ வந்தால், மழை எப்போது பெய்தது, எவ்வளவு பெய்தது என்பதே முடிவைப் புரட்டிப்போடும். சாரலாகப் பெய்த ஆண்டில் படுகை இல்லாமலும் பிழைக்கலாம். ஒரே நாளில் கொட்டித் தீர்த்த ஆண்டில் படுகை நிரம்பி வழியலாம். படுகைக்கு முன் பல ஆண்டு, பின் பல ஆண்டு, பக்கத்தில் படுகையே வைக்காத இன்னொரு ஓடை என்று இவ்வளவும் இருந்தால்தான் வாய் திறக்க முடியும். திட்டத்துக்குப் பணம் கொடுப்பவர்கள் படுகைக்குக் கொடுப்பார்கள். அது வருவதற்கு முந்தைய ஐந்து ஆண்டுக் கணக்கெடுப்புக்குக் கொடுக்க மனம் வராது. இது என் பழைய குறை.

இன்னொரு சங்கடமும் உண்டு. மீன் ஏற முடியாத குழாய்ப் பாலங்களை மாநில அரசு மாற்றியாக வேண்டும் என்று பழங்குடிகள் தொடுத்த வழக்கு 2018இல் உச்ச நீதிமன்றம் வரை போய், நான்குக்கு நான்கு என்று நீதிபதிகள் பிரிந்ததால் கீழ் நீதிமன்றத் தீர்ப்பு நிலைத்தது. தடை நீங்கினால் மீன் மேலே போகும், நல்லது. ஆனால் மேலே இருப்பது நெரிசலான சாலையின் வடிகால் என்றால்? லாங்ஃபெலோவில் பார்த்த சாவு விகிதத்தில் எந்த ஓடையும் தன் மீனைத் தானே தாங்க முடியாது. அங்கே ஆண்டுதோறும் மீன் வந்துகொண்டே இருக்கிறது என்றால், வேறிடத்தில் பிறந்து வழிமாறி வருபவை அந்த ஓட்டையை நிரப்புகின்றன என்றே பொருள் கொள்ள வேண்டியிருக்கிறது. அழகாகச் சீரமைத்த நகர ஓடை, அக்கம்பக்க வடிநிலங்களின் மீனை இழுத்துக் கொல்லும் பொறியாக மாறலாம். தடையைத் திறக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. திறப்பவரும் வடிப்பவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து வரிசையை முடிவு செய்ய வேண்டும். பெரும்பாலும் அவர்கள் வேறு வேறு அலுவலகம், வேறு வேறு நிதியாண்டு.

நாங்கள் எண்ணும் முறையும் மாறியிருக்கிறது. முன்பு வெள்ளம் வடிந்து நீர் தெளிந்த பிறகு போவோம், மீன் தெரிய வேண்டுமே என்று. வெயில் பளபளப்பை வெட்டும் கண்ணாடி போட்டாலும் கலங்கிய நீரில் ஒன்றும் தெரியாது. ஆனால் சாவு நடப்பது நீர் கலங்கியிருக்கும்போதுதான். இப்போது முதல் மழைக்கு முன்னேற்பாடாகப் பையைக் கட்டி வைத்துக்கொண்டு, மழை விழுந்ததும் கிளம்புகிறோம். ஒருவர் நீர் மாதிரி பிடிப்பார், புட்டியில் மழை தொடங்கிய நேரத்தையும் புட்டி நிறைந்த நேரத்தையும் எழுதுவார். இன்னொருவர் கரையில் நடப்பார். படிவத்தில் இரண்டு கட்டம் கூடியிருக்கிறது: மழை தொடங்கி எத்தனை மணி நேரம், வட்டமடிப்பு உண்டா இல்லையா.

கடைசியாக நான் நடந்த நாளின் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. மழை தொடங்கி ஒன்பது மணி நேரம். ஆண் கோஹோ ஒன்று, உயிரோடு, நீர்மட்டத்தில் வாய் பிளந்து, பதினைந்து நிமிடம் பார்த்தோம், சாய்ந்தது. பெண் கோஹோ ஒன்று, செத்தது, 64 சென்டிமீட்டர், கொழுப்புத் துடுப்பு வெட்டப்படவில்லை, வால் ஓரம் வெள்ளை. அதற்கு அடுத்த கட்டத்தில் என் கையெழுத்து கொஞ்சம் அழுத்தமாக விழுந்திருக்கிறது: அறுத்தது. முட்டை முழுமை.